டயர்ல இருந்து எஞ்சினுக்கு வாங்க: பட்டறை கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல பெரும்பாலும் வீட்டுப் பட்டறையில தோட்ட டிராக்டர் கட்டறது பத்திதான். அதனால மத்ததை எல்லாம் ஓரமா வெச்சிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்னாக்கியிருக்கேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: சார், 10 எச்பி, 3000 ஆர்பிஎம் டீசல் எஞ்சின் ஒன்னு சும்மா கிடக்கு. ஒரு பழைய காரோட கியர்பாக்ஸும் பின் ஆக்ஸிலும் கையில இருக்கு. மூனையும் ஒரு சேஸிஸ்ல ஏத்தி வெல்டு பண்ணிட்டா டிராக்டர் ஆயிடுமா?

ஓடும், ஆனா உழாது. எல்லாரும் எஞ்சின்ல இருந்து யோசிக்க ஆரம்பிக்கிறாங்க, அங்கதான் தப்பு நடக்குது. நீங்க டயர்ல இருந்து ஆரம்பிச்சு பின்னாடியே எஞ்சினுக்கு வாங்க.

உங்க டயர் 60 செ.மீ. விட்டம்னு எழுதியிருக்கீங்க. அது ஒரு சுத்து சுத்தினா வண்டி கிட்டத்தட்ட 1.88 மீட்டர் நகரும். உழவுக்கு மணிக்கு 4 கி.மீ. போதும், அதாவது நிமிஷத்துக்கு 67 மீட்டர், அதாவது டயர் நிமிஷத்துக்கு 35 சுத்து சுத்தினா போதும். எஞ்சின் 3000 சுத்துது, டயர் 35 சுத்தணும், வகுத்துப் பாருங்க, 85க்கு 1 வேகக் குறைப்பு வேணும். உங்க கார் கியர்பாக்ஸ்ல ஃபர்ஸ்ட் கியர் சுமாரா 3.5, கிரவுன் பினியன் (பின் ஆக்ஸில் நடுவுல இருக்கற பல் சக்கர ஜோடி) சுமாரா 4, பெருக்கினா வெறும் 14. இப்படியே மாட்டினா ஃபர்ஸ்ட் கியர்ல முழு ஆக்ஸிலரேட்டர்ல உங்க டிராக்டர் மணிக்கு 24 கி.மீ. ஓடும். கலப்பையை மாட்டிக்கிட்டு 24 கி.மீ. வேகத்துல போறதை நினைச்சுப் பாருங்க! சரி மெதுவா போலாம்னு ஆக்ஸிலரேட்டரைக் குறைச்சா எஞ்சின் மூச்சு வாங்கி நின்னுடும், இல்லன்னா நாள் முழுக்க அரை கிளட்ச்ல ஓட்டி கிளட்ச் பிளேட்டைக் கருக்கிடுவீங்க.

இதுக்குப் பழைய வழி ஒன்னு இருக்கு, அதே மாதிரி இன்னொரு கியர்பாக்ஸைப் பின்னாடி வரிசையா மாட்டறது. 3.5 பெருக்கல் 3.5 பெருக்கல் 4, அது 49. எஞ்சினுக்கும் முதல் கியர்பாக்ஸுக்கும் நடுவுல சின்ன புல்லி பெரிய புல்லி வெச்சு பெல்ட்ல பாதியா குறைச்சா 98. இப்ப மணிக்கு மூன்றரை கி.மீ. வேகத்துல முழு சக்தியோட போகும். பெல்ட்டுல இன்னொரு லாபமும் இருக்கு, கலப்பை வேர்லயோ கல்லுலயோ மாட்டினா முதல்ல பெல்ட் வழுக்கும், பல்லு உடையாது. ஆனா பெல்ட்டுக்கு ஏத்த புல்லி போடுங்க, பி செக்ஷன் பெல்ட்டை 125 மி.மீ.க்குக் கீழ இருக்கற புல்லியில வளைச்சா சீக்கிரமே வெடிச்சுப் போயிடும்.

ரெண்டு கியர்பாக்ஸ் போட்டா ரெண்டு லீவர் வரும், ரெண்டும் 4 கியர்னா முன்னாடி போக மட்டும் 16 சேர்க்கை கிடைக்கும். ரெண்டையும் ரிவர்ஸ்ல போட்டா வண்டி முன்னாடிதான் போகும், அதையும் சேர்த்தா 17. வீட்டுல இருக்கற மத்தவங்க ஓட்டுவாங்கன்னா இதை லீவர் பக்கத்துலயே எழுதி ஒட்டிடுங்க, விளையாட்டுக்குச் சொல்லல.

கேள்வி: நீங்க சொல்ற மாதிரி ரெண்டு கியர்பாக்ஸ் வெச்சா டார்க் (திருப்பு விசை) பெருகி ஆக்ஸில் முறிஞ்சிடாதா அண்ணா? கார் ஆக்ஸில் எவ்வளவு தாங்கும்?

நல்ல கேள்வி, இதைக் கேக்காமலே கட்டறவங்கதான் நிறைய.

10 எச்பி எஞ்சின் 3000 ஆர்பிஎம்ல சுமார் 24 நியூட்டன் மீட்டர் டார்க் கொடுக்கும். 98 மடங்கு பெருக்கி, வழியில கொஞ்சம் வீணாப் போறதைக் கழிச்சாலும் ஆக்ஸில்ல 1800க்கு மேல வரணும். கணக்குல அப்படித்தான் வரும், ஆனா நிஜத்துல வராது, ஏன்னா டயர் விடாது. பின் சக்கரங்கள் மேல 250 கிலோ எடை இருக்குன்னு வைங்க. உழுத மண்ணுல டயர் அதுல பாதியைத்தான் இழுவையா மாத்தும், அதாவது 125 கிலோ. டயரோட ஆரம் 30 செ.மீ., அப்ப ஆக்ஸிலுக்கு வர்ற டார்க் வெறும் 370 நியூட்டன் மீட்டர் கிட்ட. அதுக்கு மேல போனா டயர் சுத்தும், அவ்வளவுதான். அந்த ஆக்ஸில் கார்ல இருந்தப்போ ஃபர்ஸ்ட் கியர்ல மேட்டுல ஏறினப்ப இதைவிட மூனு மடங்கு வாங்கிக்கிட்டிருந்திருக்கும்.

டயர் வழுக்கறதுதான் உங்க ஆக்ஸிலுக்குக் காவல். முறியறது எப்பன்னா, ஒன்னு, பேராசைப்பட்டு எடையை ஏத்திக்கிட்டே போகும்போது. இன்னொன்னு, சக்கரம் சேத்துல இறுகிக் கிடக்கும்போது கிளட்ச்சை டக்குன்னு விடறது. அந்த ஒரு உதைக்குத்தான் பினியன் பல்லு தெறிக்கும். சேத்துல மாட்டினா மண்ணை வெட்டிவிட்டு, பலகை போட்டு, மெதுவா எடுங்க. அப்புறம் ரெண்டாவது கியர்பாக்ஸ் மேல ஒரு கண்ணு இருக்கட்டும், முதல் பாக்ஸ் பெருக்கிக் கொடுக்கற டார்க் முழுசா அதோட உள்ள போற ஷாஃப்ட்லதான் வந்து விழுது, அதனால ரெண்டுல எது பெரிய வண்டியில இருந்து கழட்டினதோ அதைப் பின்னாடி வைங்க.

கேள்வி: எல்லாம் மாட்டி முடிச்சு ஸ்டார்ட் பண்ணா, 4 கியர் பின்னாடி போகுது, ரிவர்ஸ் போட்டா மட்டும் முன்னாடி போகுது. ஆக்ஸிலைத் தலைகீழா கவுத்து மாட்டிடவா?

சிரிக்கக் கூடாதுதான், ஆனா இது எல்லா ஊர்லயும் நடக்கறதுதான். எஞ்சினை எந்தப் பக்கம் பார்த்து உக்கார வெச்சீங்க, எந்த முனையில இருந்து புல்லி எடுத்தீங்கங்கறதுல திசை மாறிடும்.

ஆக்ஸிலைக் கவுத்தா திசை சரியாயிடும், அது உண்மை. ஆனா அது கடைசி வழியா இருக்கட்டும். முதல் விஷயம் ஆயில். பினியன் கிரவுன் மையத்துக்குக் கீழ இருக்கற மாதிரி செஞ்ச ஆக்ஸிலைக் கவுத்தா பினியன் மேல போயிடும், ஆயில் ஊத்தற மூடியும் மட்டம் பாக்கற மூடியும் இடம் மாறிடும், காத்துப் போற பிரீதர் அடியில வந்து ஆயிலைக் கக்கும். ரெண்டாவது விஷயம்தான் பெருசு, கிரவுன் பல்லுக்கு ரெண்டு முகம் உண்டு, முன்னாடி தள்ற முகத்துலதான் பலம் வெச்சு வெட்டியிருப்பாங்க, இப்படி ஓட்டினா எப்பவும் அந்தப் பின் முகத்துல பாரம் விழும். கியர்பாக்ஸும் உள்ள முழுக்க எதிர்த்திசையில சுத்திக்கிட்டே இருக்கும், அதோட சாய்வுப் பல்லும் பேரிங்கும் அதுக்காக செஞ்சது இல்ல.

உங்களுக்கு பெல்ட் டிரைவ்தானே, எஞ்சினைக் கழட்டி 180 டிகிரி திருப்பி வைங்க, புல்லியை மறு முனைக்கு மாத்துங்க. சில எஞ்சின்ல மறு முனையில புல்லி மாட்ட ஷாஃப்ட் இருக்காது, அப்படின்னா நடுவுல ரெண்டு பல் சக்கரம் நேருக்கு நேர் கோக்கற மாதிரி ஒரு பெட்டி செஞ்சு போடுங்க, அதுல திசை மாறிடும், வேணும்னா வேகத்தையும் அதுலயே குறைச்சுக்கலாம்.

கேள்வி: என் டிராக்டர்ல 10 எச்பி, களிமண் நிலம், ஒத்தைக் கலப்பை. கொழு இறங்கினதும் டயர் நின்ன இடத்துலயே சுத்துது. 20 எச்பி எஞ்சின் மாட்டினா சரியாகுமா?

ஆகாது. ரெண்டு மடங்கு வேகமா நின்ன இடத்துலயே சுத்தும்.

கணக்கைப் பாருங்க. கொழு 20 செ.மீ. அகலம், 15 செ.மீ. ஆழம்னா சாலோட குறுக்கு வெட்டு 300 சதுர செ.மீ. இளகின மணல் கலந்த மண்ணுன்னா சதுர செ.மீ.க்கு 0.3 கிலோ பக்கம் இழுவை கேக்கும், மொத்தம் 90 கிலோ. கெட்டியான களிமண்ணுன்னா 0.7 வரைக்கும் சுலபமா போகும், அது 210 கிலோ. அந்த 210 கிலோவை மணிக்கு 4 கி.மீ. வேகத்துல இழுக்க எவ்வளவு சக்தி வேணும் தெரியுமா, சுமாரா 3 எச்பி. கியர்ல, பெல்ட்ல, டயர் வழுக்கறதுல வீணாப் போறதையெல்லாம் சேர்த்தாக்கூட உங்க 10 எச்பி தாராளம். குறையறது எடை. 210 கிலோ இழுக்கணும்னா பின் சக்கரத்து மேல 400 கிலோவுக்கு மேல உக்காந்திருக்கணும்.

பின் டயருக்குள்ள தண்ணி நிரப்பறது சுலபமான வழி, வால்வு மேல இருக்கற மாதிரி சக்கரத்தைத் திருப்பி வெச்சு வால்வு மட்டம் வரைக்கும் நிரப்பினா முக்கால் பங்கு தண்ணி, மிச்சம் காத்து. தண்ணி உறையற அளவு குளிர் அடிக்கற இடம்னா வெறும் தண்ணி ஆகாது, சிலர் கால்சியம் குளோரைடு கலப்பாங்க, அது கசிஞ்சா ரிம்மைத் தின்னுடும். இல்லன்னா ரிம்முக்கு உள்பக்கம் இரும்பு வட்டுகளை போல்ட் பண்ணுங்க. எடையை சக்கரத்துலயே வைக்கறது நல்லது, சேஸிஸ்ல ஏத்தினா அந்த பாரம் பேரிங் வழியா வரும். டயர் காத்தையும் கொஞ்சம் இறக்குங்க, கார் மாதிரி 30 பிஎஸ்ஐ வெச்சா டயர் உருண்டையா நிக்கும், 12ல இருந்து 15 வெச்சா நல்லா படிஞ்சு உக்காரும், டயர் பக்கத்துல போட்டிருக்கற அளவுக்குள்ள பாத்துக்குங்க. அப்புறம் ஒரு சின்ன விஷயம், டயரோட வி வடிவப் பட்டையில கூர்முனைதான் முதல்ல மண்ணைத் தொடணும். நீங்க அனுப்பின போட்டோவுல இடது டயர் திரும்பி மாட்டியிருக்கு, அதை மாத்துங்க முதல்ல!

ஆனா பின்னாடி ஏத்தற வேகத்துல முன்னாடியை மறந்துடாதீங்க. மொத்த எடையில கால் பங்காவது முன் சக்கரத்துல இருக்கணும், இல்லன்னா ஸ்டியரிங்கைத் திருப்புவீங்க, வண்டி நேராப் போகும்.

கேள்வி: மரக்கட்டை இழுக்கும்போது முன் சக்கரம் ஒரு அடி தூக்குது. சங்கிலியை சீட்டுக்குப் பின்னாடி இருக்கற பிளேட்ல மாட்டியிருக்கேன். முன்னாடி ரெண்டு மூட்டை மண்ணு கட்டினா போதுமா?

இன்னைக்கே அந்தப் பிளேட்ல இருந்து சங்கிலியைக் கழட்டுங்க, மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

எஞ்சின் ஆக்ஸிலைச் சுத்துது. சக்கரம் சுத்த முடியாம கட்டை பிடிச்சு நிறுத்தினா, ஆக்ஸிலைச் சுத்தி வண்டியே மேல கிளம்பும். சங்கிலி கட்டின இடம் ஆக்ஸில் மையத்துக்குக் கீழ இருந்தா, மூக்கு தூக்கும்போது அந்த இடம் இன்னும் தாழும், இழுவையோட பிடி குறையும். நீங்க கட்டியிருக்கற மாதிரி மையத்துக்கு மேல இருந்தா, கட்டையே வண்டியைப் பின்னாடி மடக்கிப் போடும். முழுசா பின்னாடி கவுறதுக்கு ஒன்னரை செகண்டு கூட ஆகாது, திரும்ப முடியாத நிலைக்கு முக்கால் செகண்டுலயே போயிடும்னு டிராக்டர் பாதுகாப்புப் பாடத்துல சொல்லித் தர்றாங்க. கிளட்ச்சை மிதிச்சுடலாம்னு நினைப்பீங்க, கால் அங்க போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிரும்.

இழுக்கற எதையும் ஆக்ஸில் மையத்துக்குக் கீழ இருக்கற டிராபார்ல, அதாவது இழுவைப் பட்டையில, மட்டும் மாட்டுங்க. டிராபாரை சேஸிஸோட அடியில முன்னாடி தள்ளி நட்டு வையுங்க, அப்புறம் முன் எடை. மண் மூட்டையை விட முன் பம்பர்ல போல்ட் பண்ற இரும்பு எடைதான் நல்லது, மூட்டை குலுங்கி நழுவும். அதுக்கப்புறம் சீட்டுக்குப் பின்னாடி ரோல் பார் (வண்டி கவுந்தா ஆளைக் காக்கற இரும்பு வளைவு), கூடவே சீட் பெல்ட். ரெண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும், பெல்ட் இல்லாம ரோல் பார் மட்டும் இருந்தா அந்த பார் அடியிலயே நீங்க போய் மாட்டலாம். சோதனை பண்ணி சான்று வாங்கின ரோல் பார் உங்க எடைக்குக் கிடைச்சா அதையே வாங்கிப் போடுங்க. தண்ணிக் குழாயை வளைச்சு வெல்டு பண்ணி நிழலுக்குக் கூரை போட்டுட்டு அதை ரோல் பார்னு சொல்றவங்க இருக்காங்க, அது வெறும் கூரை.

கேள்வி: கார் ஆக்ஸில் ரொம்ப அகலமா இருக்கு, வரிசைக்கு நடுவுல போக மாட்டேங்குது. 30 செ.மீ. குறைக்கணும். ஷாஃப்ட்டை வெட்டி வெல்டு பண்ணலாமா?

முதல்ல அகலம் குறைஞ்ச ஆக்ஸிலா தேடிப் பாருங்க, நிஜமாத்தான் சொல்றேன். வெட்டி ஒட்டற உழைப்பைப் பாத்தா தேடற உழைப்பு ரொம்பக் குறைச்சல்.

கிடைக்கலன்னா ஹவுசிங்கையும் ஷாஃப்ட்டையும் தனித்தனியா யோசிங்க. ஹவுசிங் வெட்டறது பெரிய விஷயம் இல்ல, நேரா சேர்க்கறதுதான் விஷயம். ரெண்டு பக்க பேரிங் உக்காற இடத்துலயும், நடு கூட்டுலயும் சரியா உக்கார்ற மாதிரி மூனு புஷ் லேத்துல கடைஞ்சு, எல்லாத்துக்கும் நடுவுல ஒரே நேரான கம்பியைச் சொருகி வெச்சுக்கிட்டு, எதிரெதிரா நாலு புள்ளி வெல்டு வெச்சு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எதிரெதிர் பக்கம் மாறி மாறி வெல்டு பண்ணுங்க. ஒரே மூச்சுல சுத்தி வந்தா வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிடும். கம்பி கையாலயே சுத்தற மாதிரி கடைசி வரைக்கும் இருக்கணும், இறுகினா நிறுத்திட்டு ஆற விடுங்க.

ஷாஃப்ட் வேற கதை. அது சாதா இரும்பு இல்ல, கார்பன் அதிகமான கடினப்படுத்தின ஸ்டீல், சும்மா வெல்டு பண்ணா வெல்டுக்குப் பக்கத்துலயே கண்ணாடி மாதிரி நொறுங்கற பட்டை ஒன்னு உருவாகும். நல்ல வழி, ஷாஃப்ட்டைக் குட்டையாக்கி முனையில புதுசா ஸ்ப்லைன் (நீளவாக்குப் பல்லு) வெட்டி ஹீட் ட்ரீட்மென்ட் கொடுக்கறது, அதுக்கு வெளிய மெஷின் ஷாப் தேவைப்படும். வெல்டுதான்னா லேத்துல ஒரு துண்டுல மூக்கும் இன்னொன்னுல குழியும் கடைஞ்சு ஒன்னுக்குள்ள ஒன்னு இறுக உக்கார வைங்க, சுத்தி வி வெட்டு எடுங்க, 250ல இருந்து 300 டிகிரி வரைக்கும் சூடு பண்ணிட்டு, உலர்ந்த லோ ஹைட்ரஜன் ராடுல வெல்டு பண்ணுங்க, முடிச்சதும் காஞ்ச மணல்லயோ சாம்பல்லயோ புதைச்சு ஒரு ராத்திரி ஆற விடுங்க. தண்ணியில முக்கினா போச்சு. ஒட்டு எப்பவும் பேரிங்குக்கு உள்பக்கம்தான் இருக்கணும், வெளிப்பக்கம் இருந்தா வண்டியோட எடையும் அந்த ஒட்டுல வளைவா விழும். நிறைய கார் ஆக்ஸில்ல ஷாஃப்ட்டுதான் சக்கரத்தையே பிடிச்சு வெச்சிருக்கு, அது உடைஞ்சா சக்கரம் தனியா ஓடிடும்.

கேள்வி: வணக்கம் சார், நான் வீட்டுலயே வெல்டிங் கத்துக்கிட்டு என் டிராக்டரை நானே கட்டினேன். சேனல் சேஸிஸ். கியர்பாக்ஸ் மவுண்ட் பக்கத்துல திரும்பத் திரும்ப விரிசல் விடுது. 6013 ராடு யூஸ் பண்றேன், 7018 போட்டா நிக்குமா?

சகோதரி, போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தேன், உங்க வெல்டு அழகா இருக்கு. விரிசல் வெல்டுல விடல, வெல்டுக்குப் பக்கத்துல சேனலோட கீழ் விளிம்புல விட்டிருக்கு. அதனால ராடை மாத்தினாலும் அதே இடத்துலதான் விடும்.

சேனலோட கீழ் விளிம்புதான் பாரம் வரும்போது இழுபடற இடம். நீங்க மவுண்ட் பிளேட்டை அந்த விளிம்புக்குக் குறுக்கா ஒரே நேர்கோட்டுல வெல்டு பண்ணியிருக்கீங்க, குலுக்கல் முழுக்க அந்தக் கோட்டுல வந்து சேருது. விரிசல் முடியற நுனியில ஒரு 6 மி.மீ. ஓட்டை போட்டுடுங்க, விரிசல் அதைத் தாண்டி நகராது. அப்புறம் விரிசலைக் கிரைண்டர்ல வி மாதிரி தோண்டி நிரப்பி மட்டமா தேய்ச்சு, சேனலோட நடுப்பக்கத்துல, அதாவது நிக்கற பக்கத்துல, ரெண்டு முனையும் சாய்வா வெட்டின ஒரு நீளப் பிளேட் வைங்க, விளிம்புல குறுக்கு வெல்டு வேண்டாம். மவுண்டையும் அந்தப் பிளேட்லயே போல்ட்ல மாட்டி நடுவுல ரப்பர் வைங்க. ஒத்தை சிலிண்டர் எஞ்சின் உதறல் சாதாரணப்பட்டது இல்ல.

7018, அதாவது லோ ஹைட்ரஜன் ராடு, கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும், பலமான இடத்துக்கு நல்லதுதான், ஆனா ஈரம் பட்ட 7018க்கு உலர்ந்த 6013 எவ்வளவோ மேல். எர்த் கிளாம்ப்பை எப்பவும் வெல்டுக்குப் பக்கத்துலயே மாட்டுங்க, சேஸிஸோட அந்த மூலையில மாட்டிட்டு இந்த மூலையில வெல்டு பண்ணா கரண்ட் பேரிங் வழியா போய் அதுக்குள்ள சின்னச் சின்னக் குழி போட்டுடும். பேட்டரி ஒயரையும் கழட்டிடுங்க. கால்வனைஸ் பண்ண குழாய்னா பூச்சைத் தேய்ச்சு எடுத்துட்டு வெளிய வெச்சு வெல்டு பண்ணுங்க, அந்த வெள்ளைப் புகையை இழுத்தா ராத்திரி குளிர் காய்ச்சல் தூக்கிப் போடும்.

கேள்வி: முன் ஆக்ஸிலை சேஸிஸோட சேர்த்து வெல்டு பண்ணிட்டேன். மேடு பள்ளத்துல ஒரு பின் சக்கரம் அந்தரத்துல சுத்துது. ஸ்பிரிங் போடணுமா?

ஸ்பிரிங் வேண்டாம். முன் ஆக்ஸில் நடுவுல ஒரே ஒரு தடிமனான பின், அதுல ஆக்ஸில் தராசு மாதிரி ஆடணும், ரெண்டு பக்கமும் அளவுக்கு மேல ஆடாம தடுக்க ஒரு தடை, கிரீஸ் போட ஒரு நிப்பிள். அவ்வளவுதான், நாலு சக்கரமும் தரையில இருக்கும்.

கேள்வி: அந்தரத்துல சுத்தறதுக்கு டிஃபரென்ஷியலையே (பின் சக்கரம் ரெண்டையும் வேற வேற வேகத்துல சுத்த விடற பல் சக்கரக் கூட்டு) வெல்டு பண்ணி லாக் பண்ணிட்டா என்ன?

நேரா போகும்போது சொகம். திரும்பும்போது ரெண்டு சக்கரமும் ஒரே வேகத்துல சுத்த வேண்டியிருக்கும், சின்னத் தோட்டத்துல வரிசைக்கு வரிசை திரும்பற வண்டிக்கு அது தினசரி சண்டை, மண்ணைக் கீறும், ஸ்டியரிங் கேக்காது. அதுக்கு பதிலா பின் சக்கரத்துக்கு இடது வலதுன்னு தனித்தனி பிரேக் பெடல் வைங்க. எந்தப் பக்கம் வழுக்குதோ அந்தப் பக்கம் லேசா மிதிச்சா சக்தி மறுபக்கம் போகும், அதே பெடல்ல டக்குன்னு திரும்பவும் செய்யலாம்.

பிரேக்னு வந்ததால சொல்லிடறேன். பினியன் ஷாஃப்ட்ல ஒரே ஒரு டிஸ்க் வெச்சா போதும், கிரவுன் பினியன் 4 மடங்கு பெருக்கிக் கொடுக்கும்னு ஒரு வாசகர் எழுதியிருக்கார். கணக்கு சரி. ஆனா சரிவுல ஒரு சக்கரம் தரையை விட்டா டிஃபரென்ஷியல் வழியா அந்த சக்கரம் பின்னாடி சுத்திக்கும், தரையில இருக்கற சக்கரம் ஜாலியா கீழ உருளும். அதை நிறுத்தி வைக்கற பிரேக்கா வேணா சமதரையில வெச்சுக்கங்க, ஓடற பிரேக் ரெண்டு சக்கரத்துலயும் இருக்கணும்.

கேள்வி: புல்வெட்டி மெஷின்ல இருந்து எடுத்த எஞ்சின், ஷாஃப்ட் கீழ் நோக்கி இருக்கு. படுக்க வெச்சு மாட்டலாமா?

கூடாது. ஆயில் தெறிக்க வேண்டிய இடத்துக்குப் போகாது, கார்புரேட்டர் மிதவை சாஞ்சுடும். அந்த எஞ்சினை அப்படியே நிக்க வெச்சு, பெல்ட்டைப் படுக்கையா ஓட்டி, உள்ள போற ஷாஃப்ட் மேல் நோக்கி இருக்கற புல்வெட்டி டிராக்டரோட கியர்பாக்ஸை சேர்த்துக்கங்க, ரெண்டும் ஒன்னுக்கொன்னு செஞ்சதுதான். ஆனா அந்த சின்ன கியர்பாக்ஸ் பெரும்பாலும் புல்லு வெட்டத்தான், கலப்பைக்கு இல்ல.

பைக் எஞ்சின் கேட்டவங்களுக்கும் இங்கயே: அதுல கவர்னர், அதாவது பாரத்துக்கு ஏத்த மாதிரி ரேஸைத் தானா கூட்டிக் குறைக்கற அமைப்பு, கிடையாது, கொழு இறுகினா ரேஸை நீங்களே ஏத்தி இறக்கிக்கிட்டு இருக்கணும், காத்துல குளிரற எஞ்சின் 4 கி.மீ. வேகத்துல வெந்துடும், ஃபேன் கட்டாயம்.

கேள்வி: கார் பவர் ஸ்டியரிங் பம்ப் ஒன்னு இருக்கு. அதை வெச்சு பின்னாடி ஹைட்ராலிக் லிஃப்ட் பண்ண முடியுமா, பலம் பத்துமா?

பத்தும், நீங்க நினைக்கறதை விட அதிகமாவே. 50 மி.மீ. உள் விட்டம் இருக்கற சிலிண்டர்ல பிஸ்டன் பரப்பு 19.6 சதுர செ.மீ. பம்ப் 80 பார் அழுத்தம் கொடுத்தா 1600 கிலோ தள்ளும். லிஃப்ட் கையோட நீளத்தால அது அஞ்சுல ஒன்னா குறைஞ்சாலும் 300 கிலோ, உங்க வண்டியோட மூக்கைத் தூக்க அது தாராளம். 20 செ.மீ. நீட்ட 0.4 லிட்டர் ஆயில் வேணும், நிமிஷத்துக்கு 6 லிட்டர் வந்தா 4 செகண்டுல மேல வந்துடும்.

கவனிக்க வேண்டியது வால்வு. லீவர் நடுவுல இருக்கும்போது ஆயில் சும்மா டேங்க்குக்குத் திரும்பிப் போற மாதிரி, ஓபன் சென்டர்னு கேட்டு வாங்குங்க. அடைச்சு நிறுத்தற வால்வைப் போட்டா பம்ப் நாள் முழுக்க ரிலீஃப் வால்வு வழியா ஆயிலைத் துப்பிக்கிட்டே இருக்கும், ஆயில் கொதிக்கும், சீல் போகும். பம்ப்புக்கு ஆயில் உறிஞ்சற பைப் எப்பவும் பெருசா, குட்டையா இருக்கட்டும்.

கசிவு தேடறதுக்குக் கையை வெச்சுத் தடவாதீங்க. ஊசி முனை ஓட்டையில இருந்து வர்ற ஆயில் தோலைத் துளைச்சுக்கிட்டு உள்ள போயிடும், வெளிய பாத்தா சின்னப் புள்ளிதான் தெரியும், வலி கூட அப்ப இருக்காது, ஆனா உடனே ஆபரேஷன் பண்ணலன்னா விரலையே எடுக்க வேண்டி வரலாம். ஒரு அட்டையை நீட்டிப் பாருங்க, நனையற இடத்துல ஓட்டை இருக்கு.

கேள்வி: எஞ்சினையே தூக்கிட்டு 48 வோல்ட் மோட்டாரும் பேட்டரியும் வெச்சா எவ்வளவு நேரம் உழலாம்?

12 வோல்ட் 100 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரி நாலு வெச்சா காகிதத்துல 4.8 கிலோவாட் மணி. அதுல பாதிக்கு மேல எடுத்தா பேட்டரி சீக்கிரம் செத்துடும், அப்ப 2.4. மேல சொன்ன களிமண் உழவுக்கு மண்ணுலயே 2.3 கிலோவாட் வேணும், வழியில வீணாறதைச் சேர்த்தா பேட்டரியில இருந்து 3க்கு மேல இழுக்கும். முக்கால் மணி நேரம், அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க. ஆனா களை எடுக்க, டிரெய்லர் இழுக்கன்னா நல்லா ஓடும், பேட்டரியோட எடை உங்களுக்கு இலவச பாரம், சரியா பின் ஆக்ஸிலுக்கு மேல உக்கார வெச்சா டயருக்குத் தண்ணி கூட வேண்டாம். பேட்டரி பக்கத்துலயே டிசிக்கான ஃபியூஸ் போடுங்க, கையில மோதிரம், வாட்ச் போட்டுக்கிட்டு அங்க ஸ்பேனர் பிடிக்காதீங்க.

கேள்வி: கட்டி முடிச்சாச்சு. எப்ப பெயிண்ட் அடிக்கலாம்? ஆரஞ்சு நல்லா இருக்குமா?

ஆரஞ்சு நல்லாதான் இருக்கும், ஆனா இப்ப வேண்டாம். முதல் சில வாரம் வெறும் இரும்பா, துரு பிடிக்காம லேசா ஆயில் தடவி ஓட்டுங்க, ஒவ்வொரு நாளும் நட் போல்ட்டை எல்லாம் ஸ்பேனர் வெச்சு இறுக்கிப் பாருங்க, வெல்டு ஓரமா விரிசல் விட்டா வெறும் இரும்புல மெல்லிசா ஒரு துருக்கோடு தெரியும், பெயிண்டுக்கு அடியில அது தெரியாது. எங்கயும் எதுவும் தளரல, கோடு விழலன்னு ஆனதுக்கப்புறம் ஆயிலைத் துடைச்சுட்டு பிரைமர் அடிங்க.

அடுத்த மாசம் ரோட்டவேட்டருக்கு 540 ஆர்பிஎம் பிடிஓ (கருவியைச் சுத்த எஞ்சின் சக்தியை வெளிய எடுக்கற ஷாஃப்ட்) எடுக்கறது பத்தி. கேள்வியோட டயர் அளவையும் எஞ்சின் ஆர்பிஎம்மையும் சேர்த்து எழுதுங்க, அது இல்லாம வர்றதுக்கு என்னால பதில் சொல்ல முடியல.